ஈரல் விரதம் இருப்பதில்லை

மகனே,

இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் எப்படி என்றுதான் நான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அப்படித் தொடங்கக் கை வரவில்லை. உன் நலம் எப்படி என்று நீயே எழுதிவிட்டாய். கண்டி ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, ஈரலும் கொஞ்சம் பெருத்திருக்கிறது என்றார்கள். முதல் நாள் இரவு ஒன்றுமே சாப்பிடாமல்தான் போனேன் என்று நீ சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. இதையெல்லாம் நீ ஏதோ அடுத்த வீட்டுக்காரன் செய்தி போல இரண்டு வரியில் முடித்துவிட்டாய். அதற்குப் பிறகு எழுதியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வைகாசியில் நடக்க வேண்டிய உன் கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டுமாம். நான் பட்டிப்பொலவுக்குப் போய், உனக்குப் பேசி முடித்த சரோஜாவின் வீட்டாரிடம் ஜாதகம் சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வர வேண்டுமாம். வியாதியைப் பற்றி மூச்சு விடக்கூடாதாம். நீ இனிமேல் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடப் போகிறாயாம். பெற்ற தகப்பனுக்கு நல்ல வேலை கொடுத்திருக்கிறாய்.

கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தைப் பற்றிய வரி வந்ததும் கையை நிறுத்தினாள். ஆனால் அவள் பேசியது கல்யாணத்தைப் பற்றி இல்லை. "அவன் சாப்பிடலைன்னு சொன்னா சாப்பிடலைதான். அதுல நம்புறதுக்கு என்னா இருக்கு" என்றாள். ஒரு காலத்தில் இவள் எனக்காகவும் ஊர் நடுவில் நின்று இப்படிப் பேசியிருக்கிறாள். அப்போது நீ சின்னப் பிள்ளை. அப்பாவுக்குச் சர்க்கரை என்பது மட்டும் உனக்குத் தெரியும். அது எப்படித் தெரியவந்தது, அதனால் நான் என்ன பட்டேன் என்பதெல்லாம் உனக்குத் தெரியாது. இப்போது மாசி மாதம். மேட்டு லயத்தில், அந்த வரிசை வீடுகளுக்கு முன்னால், காமன் கம்பம் நட்டுவிட்டார்கள். பொழுது சாயும்போது தப்புக் கொட்டும் சத்தம் பனிக்குள்ளே அமுங்கி அமுங்கிக் கேட்கிறது. பிரஜாவுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று லயமே குழம்பிக் கிடக்கும் இந்த வருடத்திலும் காமனை விட மனமில்லை நம் சனங்களுக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம். வெட்கப்பட வேண்டியதெல்லாம் அப்போதே பட்டு முடித்துவிட்டேன்.

இன்றைக்கு என் முகத்தைப் பார்த்தால் நம்பமாட்டாய், அந்தக் காலத்தில் இந்தத் தோட்டத்தில் நான்தான் ரதி. காமன் கூத்தில் ஆண்கள்தான் ரதி வேடம் போடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அப்போது நல்ல வழவழப்பான கன்னம், கொஞ்சம் தொப்பை, மெல்லிய குரல். மஞ்சள் பூசி, சவுரி வைத்துப் பின்னி, சேலை கட்டி நான் லயம் லயமாக வந்தால், பெண்களே கண் வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. வருடத்துக்கு ஒரு முறை மீசையை எடுக்கும்போது உன் அம்மா மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். சிவனுடைய தவத்தைக் கலைத்த காமன் எரிந்து சாம்பலாகிப் போகிற அன்று, புருஷனை இழந்த ரதி தலைவிரி கோலமாக அழ வேண்டும். நான் அழுதால் எங்களை வேலை வாங்குகிற கங்காணிமார்களும் துண்டால் மூக்கைத் துடைப்பார்கள். இதில் எனக்கு நிறையவே கர்வம் இருந்தது.

ஆனால் அது வெறும் வேடம் இல்லை, விரதம். கம்பம் நட்ட நாளிலிருந்து காமனும் ரதியும் வீட்டை விட்டு விலகி, கோயிலை ஒட்டிய மடத்தில் தங்க வேண்டும். மதியம் ஒரு வேளைச் சோறு. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர் மட்டும். கவிச்சி இல்லை, சாராயம் இல்லை, பெண்டாட்டி முகத்தைக்கூடத் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். அந்த இரண்டு பேரில் ஒருவர் பிழை செய்தால் மழை தப்பும், கொழுந்து கருகும், பிள்ளைகளுக்கு அம்மை போடும் என்று நம்பினார்கள். ஒரு தோட்டத்துச் சனமெல்லாம் தங்கள் பயத்தை எங்கள் இரண்டு பேர் வயிற்றில்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் காமன் கூத்துக்கு முன்பே எனக்கு உடம்பு சரியில்லை. நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தேன். அந்த மாடியில் வாடும் கொழுந்தின் வாசனை ஆளை மயக்கிவிடும். முன்பெல்லாம் எனக்கு அது பழகிப்போன வாசனை. அந்த வருடம் அதற்குள் நின்றுகொண்டே கண் சொருகியது. தாகம் தாகமாக எடுத்தது. லயத்துக்குப் பின்னால் நான் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற ஐயா, என் மூத்திரத்தில் சில சொட்டுகளை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் சேர்த்து விளக்கில் காட்டினார். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறத்துக்கு வந்தால் நிறைய இருக்கிறது. எனக்குச் செங்கல்தான் வந்தது. சோற்றைக் குறை, கருப்பட்டியை விடு, சாராயத்தைத் தொடாதே என்றார். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். விரதம் வரப்போகிறதே, சாப்பிடாவிட்டால் சர்க்கரைக்கு உடம்பு எங்கே போகும், தானாக ஓடிப்போகும் என்று கணக்குப் போட்டேன். இப்போது நீ போடுகிற அதே கணக்கு.

விரதத்தின் முதல் நாட்கள் அழகாக இருந்தன என்றுதான் சொல்லவேண்டும். பசி ஒரு எல்லையைத் தாண்டியதும் உடம்பு லேசாகிவிடும். மடத்துக் கதவைத் திறந்து வைத்துப் படுத்தால் பனி உள்ளே வந்து பக்கத்தில் உட்காரும். எதிரே தேயிலை மலை தெரியும், பிறகு தெரியாது, பிறகு மறுபடி தெரியும். மலை வருகிறதா போகிறதா, நான்தான் மிதக்கிறேனா என்று பிடிபடாது. காமன் வேடம் போடும் சின்னையா எனக்கு அடுத்த பாயில் படுத்துக்கொண்டு தன் பாட்டை முணுமுணுப்பான். அது எனக்கு வேறு எங்கோ, மலைக்கு அந்தப் பக்கம் கேட்பது போல இருக்கும். பாதித் தூக்கத்தில் எனக்கு மார்பில் தாலி கனக்கும். நான் ரதியா, ஸ்டோரில் வேலை செய்கிறவனா என்பதே மறந்துபோகும். யாரோ என்னைக் கூப்பிடுவார்கள், பெண் குரலில் 'வாறேன்' என்று சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டு எழுந்திருப்பேன். இது தெய்வம் தொட்டதால் வந்தது என்று நினைத்தேன். பாதி தெய்வம்தான். மீதி எது என்று பின்னால் தெரிந்தது.

ஒரு காலையில் பெருமையோடு ஒரு போத்தலில் மூத்திரத்தை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். வெறும் வயிறு. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் இல்லை, கொஞ்சம் சுருக்கென்று பேசுவார். குழாயை விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, கண்ணெதிரே செங்கல் நிறம் வந்து அடியில் படிந்தது. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இரவு என்ன சாப்பிட்டனீ?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க ஐயா. நான் விரதமுங்க."

"சாப்பிடாட்டி இவ்வளவு சீனி எங்காலை வரும்? குழாய் பொய் சொல்லாது."

அவ்வளவுதான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஆனால் என் பின்னால் நின்ற வரிசை முழுவதும் கேட்டுவிட்டது. நான் மடத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் செய்தி மலை ஏறிப் போய்விட்டது. ரதி ராத்திரியில் திருடித் தின்கிறாள் என்று கொழுந்து மலையில் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள். மதியச் சோறு கொண்டு வந்தவள் முகம் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அதுவும் என் கணக்கில் வந்தது.

கோயில் தலைவர் நியாயமான மனிதர். உடனே வேடத்தைக் களையச் சொல்லவில்லை. சின்னையாவை மடத்து வாசலில் குறுக்கே படுக்க வைத்தார். அவனைத் தாண்டாமல் நான் வெளியே போக முடியாது. மறுநாள் காலையில் தலைவரே என்னோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். மறுபடியும் செங்கல். இப்போது சின்னையா மேலும் பழி விழுந்தது. காமனும் ரதியும் கூட்டுச் சேர்ந்து தின்கிறார்கள் என்றார்கள். சின்னையா அழுதே விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மயக்கத்தில், அந்தப் பனியில், நான் தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது தின்றுவிட்டு வந்தேனோ? கையை முகர்ந்து பார்த்தேன். பல்லை நாக்கால் துழாவினேன். ஊர் நம்பாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம் மகனே. தன்னைத் தானே நம்பாமல் போவதுதான் தாங்க முடியாதது. கண்டியில் உன் அறையில் நீயும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரிகிறது.

பொழுது சாயும் நேரம் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. வேறு ஆளை ரதியாக்க வேண்டும், நான் அம்மன் முன்னால் விழுந்து பிழையை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு நடந்தது. அப்போதுதான் உன் அம்மா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல், தலைக்கயிறோடு ஆண்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அவரு சாப்பிடலைன்னு சொன்னா சாப்பிடலைதான். அந்த மனுசனுக்குத் திருடித் திங்கத் தெரியாது. ஒரு துண்டு கருவாட்டை எடுத்து வாயில போட்டாலும் மூஞ்சி சொல்லிரும். குழாய் பொய் சொல்லலைன்னே வச்சுக்குவோம். எம் புருசனும் பொய் சொல்லல. அப்ப சாப்பிடாத மனுசன் ஒடம்புக்குள்ள சக்கரை எங்கருந்து வருது? அதை யாராச்சும் கேட்டீங்களா?"

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. டிஸ்பென்சரி ஐயா அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். நானும் கேட்கவில்லை. தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "சரி தாயி, அதையும் கேட்டுட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். விரதத்தில் பெண்டாட்டி பக்கத்தில் உட்காரக்கூடாது என்று அவள் முன்னாலும் நான் பின்னாலும் உட்கார்ந்தோம். அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணாடிக்கு வெளியே மலையும் அருவியும் வெள்ளையாகக் கரைந்துகொண்டு வந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சிங்களவர், இளம் வயசு. தோட்டத்துச் சனங்களோடு பேசிப் பேசித் தமிழ் பிடித்திருந்தார். உன் அம்மா அதே கேள்வியை அவரிடம் வைத்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் படுக்க வைத்து, வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினார். மூச்சை இழுக்கச் சொன்னார். உள்ளே ஏதோ ஒன்று அவர் விரலை வந்து முட்டியதை நானே உணர்ந்தேன்.

"இங்கேருந்து" என்றார். "ஈரல். நல்லாப் பெருத்திருக்கு."

அவர் சொன்னதை என் பாஷையில் எழுதினால் கெட்டுவிடும். அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "தோட்டத்துல அரிசி குடுக்கிற கிடங்கு இருக்கு தானே? ஈரல் அந்தக் கிடங்கு. பகல் சாப்பிட்டதில மிச்சத்தை வாங்கி வைக்கும். ராத்திரி சாப்பாடு இல்லை, ஆனா நெஞ்சு அடிக்கணும் தானே, மூளை வேலை செய்யணும் தானே? அதுக்கு ஈரல் கொஞ்சம் கொஞ்சம் சீனி அளந்து குடுக்கும். கிடங்குல முடிஞ்சா புதுசாவும் செய்யும். நல்ல ஆளுக்கு 'போதும்'னு சத்தம் வரும், ஈரல் நிறுத்தும். உனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது இல்லை. கொழுப்பு, சாராயம், ரெண்டும் சேர்ந்து காதை அடைச்சிருக்கு. லயம் நிறைய அரிசி கிடக்கு, கிடங்குக்காரன் இன்னும் அளக்கிறான். நீ பட்டினி கிடந்தா பஞ்சம்னு நினைச்சு இன்னும் கூட அளப்பான்."

உன் அம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்ப இவரு விரதத்தை முறிக்கலீங்களா?"

டாக்டர் சிரித்தார். "வாய் விரதம் தான். ஈரல் விரதம் இல்லை."

அன்று என்னை வார்டில் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் தவிர ஒன்றும் தரவில்லை, தாதி ஒருத்தி கண் எடுக்காமல் இருந்தாள். காலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் டாக்டர் சொன்னபடியே சர்க்கரை ஏறித்தான் இருந்தது. வாழ்க்கையில் ஒரு வியாதி இருக்கிறது என்று கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நான் தின்னவில்லை. என் உடம்புதான் எனக்குத் தெரியாமல் எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. ஏனோ அதை நினைத்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணீர் கொட்டியது.

தோட்டத்துக்குத் திரும்பிச் சொன்னோம். அங்கே நடந்த வாதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஈரல் விரதத்தை முறித்தால் அது விரதம் முறிந்ததா இல்லையா என்று கோயில் முன்னால் பெரிய வழக்கே நடந்தது. "ஈரலும் அவன் ஒடம்புக்குள்ளதான இருக்கு? அவன் சொன்னா அது கேக்க வேணாமா?" என்றார் ஒரு கங்காணி. "ஒங்க ஒடம்புல எது நீங்க சொல்லிக் கேக்குதுங்க?" என்று சின்னையா கேட்டதும் கூட்டம் சிரித்துவிட்டது. கடைசியில் தலைவர் பிழை இல்லை என்று தீர்த்துவிட்டார். ஆனால் நான் அந்த வருடம் ரதியாகவில்லை. பட்டினி இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானே வேடத்தை இறக்கி வைத்தேன். காமன் எரிந்த அன்று, வேறொருவன் என் சேலையைக் கட்டிக்கொண்டு அழுதான். சுமாராகத்தான் அழுதான். நான் வெறும் ஆளாகக் கூட்டத்தில் நின்று பார்த்தேன். நெருப்பு ஏறும்போது மலை முழுவதும் சிவந்து அசைந்தது, சாம்பல் எங்கள் தலை மேல் மெல்ல இறங்கியது, உன் அம்மா என் பக்கத்தில் நின்றாள். அந்தச் சிவப்பில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், கூத்து முடிந்ததுகூடத் தெரியவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், தோட்டத்தில் இன்றைக்கும் நான் தின்றேன் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது இப்போது வலிப்பதில்லை. நம்ப வேண்டியவள் நம்பிவிட்டாள்.

அதன் பிறகு ஈரலுக்கு நல்ல பிள்ளையாக இருக்கப் பழகினேன். சாராயத்தை விட்டேன். விட்டேன் என்று எழுதுவது லேசு, சம்பள நாட்களில் சின்னையா வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையில் வருவேன். தலைவலியே வந்துவிடும். சோற்றை அரைக் கோப்பையாக்கி, பக்கத்தில் கீரையும் பருப்பும் வைத்துக்கொண்டேன். ராத்திரியில் பட்டினி கிடக்காமல், நேரத்தோடு கொஞ்சமாகச் சாப்பிட்டேன். பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியைக் கருப்பட்டி இல்லாமல் குடித்தேன், முதல் மாதம் ஒவ்வொரு மிடறுக்கும் டாக்டரைத் திட்டிக்கொண்டே. காலையில் பெரட்டுக்கு, அதுதான் ஆள் பிரிக்கிற இடத்துக்கு, எல்லோரும் போகுமுன்பே எழுந்து மலை ஏறி இறங்குவேன். பனிக்குள்ளே யாருமில்லாத தேயிலைச் சரிவில் நடப்பது எனக்குப் பழைய விரத மயக்கத்தைத் திருப்பித் தந்தது, பசி இல்லாமல். நல்லதண்ணி ஊரில் மலை யாத்திரைக் கடைகள் போட்டிருந்த காலத்தில் ஒருவன் ஈரலைக் கழுவுகிற வேர் என்று ஒன்றைத் தலையில் கட்டினான். குடித்து மூன்று நாள் குடல் புரண்டது. டாக்டர் கேட்டுவிட்டு, ஈரலை யாரும் கழுவ முடியாது, அதன் மேல் பாரம் ஏற்றாமல் விட்டாலே அது தன்னைத் தானே சரிபண்ணிக்கொள்ளும், அவ்வளவு பொறுமையான உறுப்பு அது என்றார். தொப்பை கரைந்தது. ரதிக்குரிய கன்னமும் கரைந்துபோனது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு வருடம் கழித்து டாக்டர் அதே இடத்தில் விரலை வைத்தார், முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காலைக் குழாய் செங்கலிலிருந்து மஞ்சளுக்கும், பிறகு பச்சைக்கும் வந்தது. ஒரு நாள் நீலமாகவே நின்றது. டிஸ்பென்சரி ஐயா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்காகப் போட்டிருந்த தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார், சீனி போடாமல். பின்னால் மாத்திரைகள் வந்தன, அதையும் போடுகிறேன். வியாதி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நானும் அதுவும் ஒரே லயத்துக் காம்பரா அறையில் சண்டை போடாமல் இருக்கிறோம்.

ஆகவே மகனே, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு உன் ஈரலைப் பயமுறுத்தாதே. உன் உடம்பு என் உடம்பு மாதிரியேதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உன் டாக்டர் சொல்வதைக் கேள், புரியாவிட்டால் உன் அம்மாவைப் போல எதிர்க் கேள்வி கேள், வெட்கப்படாதே. அச்சகத்தில் நாள் முழுவதும் எழுத்துக் கோத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறாய், ஹோட்டலில் மலை மாதிரிச் சோறு தின்கிறாய், சம்பளத்தன்று கூட்டாளிகளோடு குடிக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. குடியை விட்டுவிடு. கண்டிக் குளத்தைச் சுற்றி நட. காலையில் அந்தச் சர்க்கரை எண் ஏறினால் உன்னைத் திருடனாக நினைக்காதே, இறங்கினால் உன்னைத் தெய்வமாகவும் நினைக்காதே. நீ ராத்திரி சாப்பிடவில்லை. நான் நம்புகிறேன்.

இனி நீ கோபப்படப் போகிற இடம். நீ சொல்லாதே என்று சொன்னதை நான் சொல்லிவிட்டேன். நேற்று ரயில் ஏறிப் பட்டிப்பொலவுக்குப் போனேன். உன் அம்மா வெள்ளை வேட்டியை எடுத்துத் தந்து, "ஜாதகத்தைப் பத்திப் பேசுனீங்கன்னா அங்கயே இருந்துக்கங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஸ்டேஷனில் இறங்கியபோது எதிரே ஒன்றும் தெரியவில்லை. மேகம் தண்டவாளத்தில் படுத்துக் கிடந்தது. சரோஜாவின் அப்பா கையில் பச்சைக் கொடியோடு அதற்குள்ளிருந்து வந்தார், ரயிலை அனுப்பிவிட்டு என்னைக் குவாட்டர்ஸுக்குக் கூட்டிப் போனார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பையனுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஈரல் பெருத்திருக்கிறது, எனக்கும் இருந்தது, சரியாகக் கவனித்தால் வாழலாம், கவனிக்காவிட்டால் கஷ்டம். அவர் கொடியைச் சுற்றிச் சுற்றிக் கம்பில் கட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி, இந்தக் காலத்தில் யாருக்குத்தான் வியாதி இல்லை என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

புறப்படும்போது சரோஜா ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். நீ நிறுத்தச் சொன்னதையும் அந்தப் பொய்யையும் அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"ஜாதகமுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேங்க மாமா. ரெண்டு நாள் அழுதுட்டு, அப்பா காட்டுற இன்னொரு எடத்துக்குப் போயிருப்பேன். அவரு அங்க தனியாப் பட்டினி கெடந்துருப்பாரு. நெனைச்சா அதுதாங்க பயமா இருக்கு."

"இப்ப என்னம்மா சொல்ற?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுக்கு நான் என்னாங்க சொல்றது. அவரு வந்து சொல்லட்டும்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்த்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன், மேகத்தில் பிளாட்பாரமே காணாமல் போயிருந்தது, அவள் நிற்கிறாளா போய்விட்டாளா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். அன்றைக்கு உனக்கும் வேலை இல்லை. கண்டியிலிருந்து காலை ரயிலைப் பிடி. என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டு எழுதாதே, எனக்குத் தெரியாது. வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ.